வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை மந்தமானவளா?

கேள்வி:

என் மகளுக்குப் பதினொரு வயது. ஐந்தாம் வகுப்புவரை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். கடந்த ஜூனில் பக்கத்து டவுனில் உள்ள மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பில், ஆங்கில வழியில் சேர்த்தோம். வீட்டில் பாட்டியோடு ஓயாமல் பேசுவாள். மாலையில் எங்கள் மளிகைக் கடையில் என்னோடு உட்கார்ந்து கணக்கு எழுதுவாள். போன மாதம் ஏஜென்சிக்காரர் போட்ட பில்லில் ஒரு பிஸ்கட் பெட்டி இரண்டு தடவை ஏறியிருந்ததை அவள்தான் பார்த்துச் சொன்னாள். ஆனால் வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். காலாண்டுத் தேர்வில் தமிழில் 88, கணக்கில் 81, ஆங்கிலத்தில் 38, அறிவியலில் 43, சமூக அறிவியலில் 40. பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு ஆசிரியை, "எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்கிறாள். கொஞ்சம் மந்தமோ என்று தோன்றுகிறது. ஒரு ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. என் கணவரின் அண்ணனோ, "நிறைகுடம் தளும்பாது. பேசாத பிள்ளைதான் பெரிய அறிவாளியாக வரும், விடுங்கள்" என்கிறார். அமைதிக்கும் அறிவுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

— ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தொடர்பு இல்லை. ஆசிரியை சொன்னதும் சரியல்ல, உங்கள் கணவரின் அண்ணன் சொன்னதும் சரியல்ல. ஒருவர் எவ்வளவு பேசுகிறார் என்பதை வைத்து அவருக்கு எவ்வளவு அறிவு என்று சொல்ல முடியாது. கலகலப்பான சுபாவத்துக்கும் அறிவுத்திறனுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பல காலமாக நடந்த ஆய்வுகளையெல்லாம் 2005இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். கிடைத்த தொடர்பு ஏறக்குறைய பூஜ்யம். எந்தப் பக்கமும் சாய்வில்லை. பேசாத பிள்ளைகளில் அதிபுத்திசாலிகளும் உண்டு, சராசரியானவர்களும் உண்டு, படிப்பில் உதவி தேவைப்படுகிறவர்களும் உண்டு. வாயாடிப் பிள்ளைகளிலும் அப்படியேதான்.

ஆனால் உங்கள் மகளின் அமைதிக்குக் காரணம் ஒன்று இருக்கிறது. அறிவைப் பற்றிய கவலையில் எல்லோரும் அந்தக் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுகிறீர்களே என்பதுதான் என் கவலை.

ஆசிரியையின் மீது கோபப்படாதீர்கள். பேசாத பிள்ளையைக் கண்டால் அப்படி நினைப்பது அவர் ஒருவரின் குணம் அல்ல. கனடாவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் கற்பனையான சில மாணவர்களை விவரித்து இவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கூச்சமும் அமைதியும் உள்ள பிள்ளைக்கு அறிவு குறைவு, மதிப்பெண்ணும் குறைவாகத்தான் வரும் என்றே ஆசிரியர்கள் சராசரியாகக் கணித்தார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. தாங்களே கூச்ச சுபாவம் கொண்ட ஆசிரியர்கள் அந்தப் பிள்ளையின் அறிவைக் குறைத்து மதிப்பிடவில்லை. மதிப்பெண் குறையும் என்று மட்டும் அவர்களும் நினைத்தார்கள். மௌனத்தை உள்ளிருந்து அறிந்தவர்களுக்கு அது முட்டாள்தனமாகத் தெரிவதில்லை.

பெரியவர்களும் ஒருவரையொருவர் இப்படித்தான் எடை போடுகிறார்கள். அமெரிக்காவின் பெர்க்லியில் ஆண்டர்சன், கில்டஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. முன்பின் அறியாத சிலரைச் சிறு குழுக்களாக உட்காரவைத்துக் கணக்குகளைக் கொடுத்தார்கள். தயங்காமல் முந்திக்கொண்டு பேசியவர்களையே குழுவினர் கெட்டிக்காரர்கள் என்று மதிப்பிட்டார்கள். தனித்தனியே சோதித்துப் பார்த்தபோது அவர்கள் மற்றவர்களைவிடக் கணக்கில் சிறந்தவர்களாக இல்லை. நூற்றுக்கு 94 தடவை, யாரோ முதலில் சொன்ன விடையே குழுவின் இறுதி விடையாக ஆனது. முதலில் கேட்ட குரலை நம்பிவிடுவது மனித இயல்பு. அதனால்தான் ஆசிரியர், மேலதிகாரி, மாமியார் என்று யாரும் இதற்கு விலக்கல்ல.

இனி உங்கள் கணவரின் அண்ணன் சொன்னது. நிறைகுடம் தளும்பாது என்று சொல்லும் அதே ஊர்தான் வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்றும் சொல்கிறது. வேண்டிய நேரத்தில் வேண்டிய பழமொழியை எடுத்துக்கொள்கிறோம். அவர் அன்போடுதான் சொன்னார். குறைந்தபட்சம் அவர் குழந்தையின் பக்கம் நின்றார். இருந்தாலும் அவர் சொல்லிலும் ஓர் ஆபத்து உண்டு. "பேசாததால் நீ அறிவாளி" என்று கேட்டு வளரும் பிள்ளை, சந்தேகம் வந்தாலும் கையை உயர்த்தாது. கேள்வி கேட்டால் அந்தப் பெயர் போய்விடுமே என்று அதற்கும் ஒரு பயம் வந்துவிடும். அப்படி வளர்ந்து, கல்லூரி இரண்டாம் ஆண்டில் பாடம் பிடிபடாமல், யாரிடமும் வாய்விட்டுக் கேட்கத் தெரியாமல் என் அறைக்கு வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மௌனத்தைப் பழிக்கவும் வேண்டாம், பட்டம் கட்டவும் வேண்டாம்.

பால் டிராக் என்று ஓர் இயற்பியலாளர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். 1933இல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு 31 வயது. மிகக் குறைவாகப் பேசுவார். மணிக்கு ஒரு சொல் பேசினால் அதுவே ஒரு டிராக் என்று கேம்பிரிட்ஜில் அவருடைய சகாக்கள் ஓர் அளவே வைத்திருந்தார்கள். அவரைக் காட்டி, மேதைகள் பேசமாட்டார்கள் என்று சொல்லுவோர் உண்டு. ஆனால் அவர் விதைத்த அதே துறையில் உழைத்து 1965இல் அதே பரிசு வாங்கிய ரிச்சர்ட் ஃபெயின்மனோ பேச்சுக்குப் பேர்போனவர். நான் டிராக்கை இங்கே கொண்டுவருவது மேதைமைக்காக அல்ல. தன் மௌனம் எங்கே தொடங்கியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவருடைய தந்தை சுவிட்சர்லாந்துக்காரர், பிரெஞ்சு ஆசிரியர். சாப்பாட்டு மேசையில் மகன் தன்னோடு பிரெஞ்சில்தான் பேச வேண்டும் என்று விதித்திருந்தார். பிரெஞ்சில் நினைத்ததைச் சொல்ல வரவில்லை, ஆங்கிலத்தில் பேச அனுமதியில்லை, ஆகவே பேசாமலிருப்பதே மேல் என்று சிறுவன் இருந்துவிட்டான்.

இதைப் படித்துவிட்டு உங்கள் மகளின் மதிப்பெண்களை இன்னொரு முறை பாருங்கள். தமிழில் 88. மொழி அதிகம் தேவைப்படாத கணக்கில் 81. ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்திலேயே எழுத வேண்டிய இரண்டு பாடங்களிலும் மட்டும் நாற்பதை ஒட்டி. பொதுவாக அறிவுத்திறன் குறைந்த பிள்ளைக்கு எல்லாப் பாடமும் சேர்ந்துதான் இறங்கும். கடிதத்தை வைத்து நோய் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்புச் சொல்வது என் வழக்கமல்ல. ஆனாலும் இந்த ஐந்து எண்களும் ஒரே பக்கத்தைச் சுட்டுகின்றன: பிள்ளைக்குப் பாடம் புரியாமல் இல்லை, பாடம் நடக்கும் மொழி இன்னும் அவள் வசப்படவில்லை.

அந்த பிஸ்கட் பெட்டியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றேன். ஒரு மொத்த வியாபாரப் பில்லில் எத்தனை வரி இருக்கும்! சரக்கு வந்ததை நினைவில் வைத்து, ஒவ்வொரு வரியோடும் ஒத்துப்பார்த்து, மேலே ஒருமுறை வந்தது கீழே இன்னொருமுறை வந்திருக்கிறது என்று பிடிக்க வேண்டும். பிடித்ததைப் பெரியவர்களிடம் தயங்காமல் சொல்லவும் வேண்டும். கவனம், நினைவாற்றல், ஒப்பிட்டறிதல் என்று உளவியலாளர்களான நாங்கள் சோதனை அறையில் தேடுவதையெல்லாம் உங்கள் மகள் கடையில் உட்கார்ந்தே செய்துகாட்டியிருக்கிறாள்.

புதிய மொழிக்குள் திடீரென்று போடப்படும் குழந்தைகள் பலர் முதல் சில மாதங்கள் வாய் திறக்கமாட்டார்கள். கேட்டுக்கொண்டிருப்பார்கள், காதில் விழுவதைச் சேர்த்துவைப்பார்கள். அந்தக் காலத்தில் "பேசு, பேசு" என்று நெருக்கினால் பயம்தான் கூடும். உங்கள் மகளுக்கோ மொழி மட்டும் மாறவில்லை. பள்ளி, ஊர், சீருடை, தோழிகள் எல்லாமே ஒரே ஜூன் மாதத்தில் மாறியிருக்கின்றன. மழலையர் வகுப்பிலிருந்து ஆங்கிலத்திலேயே படித்துவந்த பிள்ளைகளுக்கு நடுவே, ஒரு வாக்கியத்தைத் தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்று பதினொரு வயதுப் பெண் நினைப்பதில் வியப்பென்ன?

உங்கள் கடிதத்தில் ஒரு செய்தி இல்லை. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் பேசாதவள், இடைவேளையில் பேசுகிறாளா? பக்கத்து பெஞ்சுப் பெண்ணிடம், வேனில் கூட வரும் பிள்ளைகளிடம் தமிழில் பேசுகிறாளா? தண்ணீர் வேண்டும், கழிப்பறை போக வேண்டும் என்பதையாவது ஆசிரியையிடம் சொல்கிறாளா? மிரட்டாமல், விசாரணை போலில்லாமல் கேட்டுப்பாருங்கள். வேன் அக்காவிடமும் கேளுங்கள்.

தமிழில் தோழிகளோடு பேசுகிறாள் என்றால் பெரும்பாலும் மொழிதான் காரணம். சில மாதங்களில், ஆதரவோடு, சரியாகிவிடும். பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே போனால் எந்த மொழியிலும், யாரிடமும், ஒரு சொல்கூட வரவில்லை என்றால் அது வேறு. வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை, பேச வேண்டிய சில இடங்களில் மட்டும் மாதக்கணக்கில் பேச முடியாமல் போவதைத் தேர்வு மௌனம் (selective mutism) என்கிறோம். பெயரைக் கேட்டு, வேண்டுமென்றே மௌனத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குழந்தைக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது, உடம்பு விறைத்துக்கொள்கிறது. மனநல மருத்துவத்தில் 2013ஆம் ஆண்டின் வகைப்பாட்டிலிருந்து இது பதற்றக் கோளாறுகளோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. அறிவுக் குறைபாட்டோடு அல்ல. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை இதற்குக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதும், மொழி தெரியாததால் பேசாதிருப்பதை இதில் சேர்க்கக் கூடாது என்பதும் விதி. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கும். உங்கள் மகள் பழைய பள்ளியில் எப்படி இருந்தாள்? அங்கே பாட்டுப் பாடினாள், பதில் சொன்னாள் என்றால் இதற்கு வாய்ப்புக் குறைவு.

இரண்டு காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இவற்றை விட்டுவிட முடியாது. ஒன்று காது. அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் சேரும் பிள்ளைக்கு நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் பின் பெஞ்சிலிருந்து பாதிதான் கேட்கும். மற்றொன்று, யாராவது கேலி செய்கிறார்களா, மிரட்டுகிறார்களா, தொடக் கூடாத விதத்தில் தொடுகிறார்களா என்பது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை வீட்டிலும் அடங்கிப்போனால், சாப்பாடும் தூக்கமும் குறைந்தால், ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

இவை எதுவுமில்லாமல், இயல்பாகவே அமைதியான பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஹார்வர்டில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நான்கு மாதக் கைக்குழந்தைகளை வைத்தே இதை ஆராய்ந்தார். புதிய பொம்மை, புதிய சத்தம் என்று காட்டியபோது ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கையையும் காலையும் உதைத்துக்கொண்டு மிரண்டது. அந்தக் குழந்தைகளில் பலர் வளர்ந்தபோது புதியவர்களிடம் தயங்குகிறவர்களாக இருந்தார்கள். அது பிறவிச் சுபாவம், நோயல்ல, திருத்த வேண்டியதும் அல்ல. இப்படிப்பட்டவர்கள் புதிய இடத்தில் பழக மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் எடுப்பார்கள், அவ்வளவே.

அடுத்து, டெஸ்ட். இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. எடுக்கவே கூடாது என்றல்ல. ஆண்டுத் தேர்வுவரை கீழே சொல்வதையெல்லாம் செய்துபார்த்த பிறகும் முன்னேற்றமில்லை என்றால், அல்லது தமிழிலும் கணக்கிலும் மதிப்பெண் இறங்கத் தொடங்கினால், எடுக்கலாம். எடுத்தால் ஒரு நிபந்தனை: தமிழில் எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு வரும் எண், உங்கள் மகளின் ஆங்கிலத்தைத்தான் சொல்லும்.

இந்தியக் குழந்தைகளுக்கென்று நாக்பூரில் மாலின் என்பவர் 1969இல் தகவமைத்த சோதனையை இன்றும் நம் மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறோம். ஆறு வயது முதல் பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்கு உரியது. அதில் வாயால் பதில் சொல்லும் பகுதி ஒன்று, கையால் செய்துகாட்டும் பகுதி ஒன்று. இரண்டாவது பகுதியில் சிவப்பும் வெள்ளையுமான கட்டைகள் இருக்கும். அட்டையில் உள்ள வடிவத்தைப் பார்த்து அதேபோல அடுக்க வேண்டும், நாங்கள் நேரம் குறிப்போம். தன் பெயரைக்கூடச் சொல்லாத ஒரு சிறுவன் என் முன்னால் உட்கார்ந்திருந்தான். அட்டையை வைத்தேன். கட்டையைத் தொடவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தான். செய்யமாட்டான் போலிருக்கிறது என்று அவன் அப்பா நாற்காலியில் நெளிந்தார். பிறகு கை நகர்ந்தது. ஒரு கட்டையைக்கூட மாற்றி வைக்காமல், வரிசையாக, ஒரே ஓட்டத்தில் அடுக்கி முடித்தான். அடுத்த அட்டையை நான் எடுப்பதற்குள் அவனே கையை நீட்டினான். அவனுடைய வாய்மொழிப் பகுதியின் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய அநியாயம் நடந்திருக்கும்!

சிலர் யோசிக்கும்போது பேச்சு இடைஞ்சல். ஹீஜங் கிம் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் வடிவப் புதிர்களைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விடை காணச் சொன்னார்கள். ஐரோப்பிய வம்சாவளி மாணவர்களுக்கு அதனால் பாதிப்பில்லை. கிழக்காசிய வம்சாவளி மாணவர்களின் விடைகள் மோசமாயின. வாயை மூடிக்கொண்டு செய்தபோது நன்றாகவே செய்தார்கள்.

யார் சோதிக்கிறார்கள் என்பதும் முக்கியம். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் மட்டும் செல்லுங்கள். கைரேகையை ஸ்கேன் செய்து மூளையின் திறனைச் சொல்கிறோம் என்று பள்ளிகளிலேயே முகாம் போட்டுப் பணம் வாங்குகிறார்கள். விரல்ரேகைக்கும் அறிவுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டுப் படிக்கவைக்கும் பயிற்சியும் அப்படித்தான். கஷ்டப்பட்டுச் சம்பாதித்த கடைக் காசை அங்கே கொட்டிவிடாதீர்கள்.

ஆசிரியையைத் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். புகாராகப் பேசாமல் உதவியாகக் கேளுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடிதான் என்று தெரிந்தது. அதை மூன்று விநாடிகளாக ஆக்கியதும் பதில்கள் நீண்டன, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். உங்கள் மகள் ஆங்கிலக் கேள்வியைத் தமிழில் புரிந்துகொண்டு, விடையைத் தமிழில் கண்டு, அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவதற்குள் அடுத்த பிள்ளை பதில் சொல்லி முடித்திருக்கும். கொஞ்சம் காத்திருக்க முடியுமா, நாளை கேட்கப்போகும் ஒரு கேள்வியை இன்றே சொல்லி அனுப்ப முடியுமா, விடையைத் தமிழில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள முடியுமா, கரும்பலகையில் கணக்குப் போடச் சொல்லி அழைக்க முடியுமா என்று கேளுங்கள். கணக்கில் 81 வாங்கிய பிள்ளை கரும்பலகை முன்னால் நிற்பதை வகுப்பு பார்க்கட்டும். மேடையேற்றிப் பேசவைத்தால் பயம் தெளியும் என்று யாராவது சொன்னால் இப்போது ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில், விருந்தாளி வந்தால் "இவள் பேசமாட்டாள்" என்று அவள் முன்னால் அறிமுகம் செய்யாதீர்கள். பிள்ளைகள் அதைத் தங்கள் பெயராகவே ஏற்றுக்கொண்டுவிடுவார்கள். யாராவது அவளிடம் கேள்வி கேட்டால் அவளுக்காக நீங்கள் பதில் சொல்லாமல் சற்றுப் பொறுங்கள். அறிவியல் பாடத்தை முதலில் தமிழ் வழிப் புத்தகத்தில் படிக்கட்டும். தமிழ்நாடு பாடநூல் கழகம் இரண்டு மொழிகளிலும் ஒரே பாடத்தைத்தான் அச்சிடுகிறது. பழைய பள்ளியிலோ தெருவிலோ கேட்டால் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பிரதி கிடைக்கும். இரண்டையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் வாசித்தால் சொற்கள் சீக்கிரம் ஒட்டும். பாட்டிக்கு அந்தப் பாடத்தை அவள் சொல்லிக்கொடுக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வாரமே காதுப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவும் மனநலப் பிரிவும் அங்கே இருப்பதால், பள்ளியில் யாரோடும் பேசுவதில்லை என்று தெரியவந்தால் அங்கேயே உளவியலாளரையும் பார்த்துவிடலாம். போகும்போது நான்காம், ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டைகளை எடுத்துச் செல்லுங்கள். இடையில் உங்களுக்கே மனசு தாங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றால், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸை அழையுங்கள், எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.